என் பிற்பகல் பருந்துகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பைனாகுலரை எப்படிப் பிடிப்பது, இறக்கையின் வளைவைப் பார்த்துப் பூனைப்பருந்தையும் கரும்பருந்தையும் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பயிற்சியில் சொல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பொறாமையைப் பற்றி.

சிரிக்காதீர்கள். வானத்தைப் பார்த்துப் பருந்து எண்ணுகிற வேலையில் யாரைப் பார்த்து யார் பொறாமைப்படுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவர் "அதோ" என்று கை காட்டுகிறார், நமக்கு வெறும் நீலம்தான் தெரிகிறது, அப்போது வயிற்றில் ஒன்று சுருக்கென்று எரியும். உங்களுக்கும் வரும். சிலருக்கு ஒரு பருவத்தில் ஆறிவிடும். எனக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஆறவில்லை. அவ்வளவும் ஒரே ஆள்மேல். அவன் பெயர் ராஜவேலு.

நானும் ராஜவேலுவும் எங்கள் பறவை ஆய்வு மையத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். வயதில் எனக்கு இளையவன் என்பதால் அக்கா என்பான். எங்கள் வேலை வசந்தகால எண்ணிக்கை. குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு மாசி, பங்குனியில் வடக்கே திரும்புகிற பருந்து, கழுகு, வல்லூறுகளை எண்ணுவது. மையம் இரண்டு இடங்களை வைத்திருந்தது. ஒன்று சமவெளியில் தியாகதுருகம் கோட்டை மலை. இன்னொன்று அதற்கு மேற்கே, கல்வராயன் மலைமேல், கரியாலூரைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறை. இரண்டு இடத்திலும் எண்ணியதைக் கூட்டினால் அந்த வருஷத்துக் கணக்கு. கோட்டை ராஜவேலுவுக்கு, பாறை எனக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்தவர் யாரோ, அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே ஒன்று சொன்னார். "சுத்துறத எண்ணாதீங்க, கெளம்புறத எண்ணுங்க." வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று எழும். பருந்துகள் அதில் வட்டமடித்து மேலே மேலே போகும். அப்போது எண்ணினால் ஒரே பருந்தை நாலு தரம் எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போனதும் சுற்றுவதை நிறுத்திவிட்டு, இறக்கையை அசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே சரியும். கையில் இருக்கும் எண்ணும் கருவியை, அந்தக் கிளிக்கரை, அழுத்த வேண்டியது அப்போதுதான். இதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் இருவரையும் எண்ணச் சொன்னார். ராஜவேலு சொன்ன எண்ணும் அவர் எண்ணியதும் ஒன்றாக இருந்தன. என்னுடையதில் ஒன்று குறைந்தது. அவர் அவன் தோளைத் தட்டினார், என்னைப் பார்த்து "பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லை இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் கோட்டையைப் பற்றிக் கேளுங்கள். தியாகதுருகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறினால் மேலே போய்விடலாம். உட்காரப் பழைய சுவரின் நிழல். சுற்றிலும் கரும்பும் நெல்லுமாகச் சமவெளி. பருந்துகள் அங்கே தாழப் பறக்கும், கண்ணின் நிறம்கூடத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்து அவனைச் சார் சார் என்று மொய்ப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். கீழே வயல் வைத்திருப்பவர்கள் தூக்கில் மோர் அனுப்புவார்கள். பருந்து எண்ணுகிறவனுக்கு எதற்கு மோர்?

என் பாறையில் காலையில் குளிர், மதியம் வெயில், எப்போதும் காற்று. பருந்துகள் உயரத்தில் மிளகைத் தூவிவிட்டது போலப் போகும். என்னைத் தேடி வந்த பொதுமக்கள் எல்லோரும் வேன் கண்ணாடியை இறக்கிக் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், ஃபால்ஸுக்கு எந்தப் பக்கம்?"

என்னோடு இருந்தவர் பொன்னுரங்கம். கரியாலூர்க்காரர். கொஞ்சம் மரவள்ளியும் சாமையும் போட்டிருந்தார். எண்ணுகிற பருவத்தில் எனக்கு உதவியாளர். என்னளவுக்கே எண்ணுவார், என்னளவுக்கே தப்பும் விடுவார், என்னைவிட நிறையப் பேசுவார். அக்கா என்றுதான் அவரும் கூப்பிடுவார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் கோட்டையும் பாறையும் போனில் எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பாறையின் ஒரு மூலையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே போய்க் காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"எவ்ளோக்கா இன்னிக்கு?"

"நீ சொல்லு மொதல்ல."

"நம்முளுது இன்னிக்கு கம்மிதான்க்கா" என்பான். அப்புறம் சொல்கிற எண் என்னுடையதைப்போல இரண்டு பங்கு இருக்கும். கம்மி என்று சொல்லாமல் இருந்தாலாவது என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும்.

ஆனால் ஒன்று. எனக்கும் நல்ல நேரம் உண்டு. பல நாட்களில் பிற்பகல் சாய்ந்த பிறகு, கோட்டையில் கூட்டம் ஓய்ந்துபோன நேரத்தில், என் பாறைக்கு மேலே திடீரென்று நிறைய வரும். கரும்பருந்துகள் சாரை சாரையாக, நடுவே ஓரிரு கழுகுகள். என் எண்ணிக்கையில் பெரும்பகுதி அந்தப் பிற்பகல்தான். அந்த நேரத்தில் ராஜவேலு வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் சம்பளத்தில் கிடைத்ததில்லை.

இப்படியே பல பருவம் போன பிறகு, ஒரு பங்குனி மாதத்தில் எங்கள் இயக்குநர் இருவரையும் கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டார். மையத்துக்கு வருகிற பண உதவி சுருங்கிவிட்டது, அடுத்த வருஷம் இரண்டு இடத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். எதை வைப்பது என்பதைப் பருவம் முடிந்ததும் தீர்மானிப்பாராம். என் இடம் போனால் எனக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும், வானம் கிடைக்காது. பொன்னுரங்கத்துக்கு அதுவும் கிடைக்காது.

பிறகு இயக்குநர் கொஞ்சம் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். கோட்டை எண்ணிக்கை மேல் வெளியே சிலருக்குச் சந்தேகமாம். கரும்பு வெட்டிய பிறகு காய்ந்த சோகையைக் கொளுத்துவார்கள் அல்லவா, அந்தப் புகையில் வெளியே ஓடுகிற எலியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்க உள்ளூர்ப் பருந்துகள் கூடும். அவற்றையும் வலசை போகிறவை என்று சேர்த்து எண்ணிவிடுகிறார்களோ என்று கேட்கிறார்களாம். யாராவது ஒருவர் போய்க் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்றார்.

ராஜவேலு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அக்காவையே அனுப்புங்க சார். அவங்களுக்குத் தெரியாததா?"

என் இடமும் அவன் இடமும் தராசில் இருக்கின்றன. தராசை என் கையிலேயே கொடுக்கச் சொல்கிறான். இவ்வளவு நம்பிக்கை ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வரும்? அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு எரிந்தது.

பாறையைப் பொன்னுரங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், சோதிக்கப் போகவில்லை, பிடிக்கப் போனேன். வழியெல்லாம் எந்த வயலில் கரும்பு வெட்டியிருக்கிறது, எங்கே சோகை காய்கிறது என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வாங்கக்கா, வாங்க. நெழலுல குந்துங்க. வெயிலு ஜாஸ்தி" என்றான் ராஜவேலு. மோரும் வந்தது. குடித்தேன். நன்றாகவே இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

நடுப்பகலுக்கு முன்பே கிழக்கே ஒரு வயலில் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் நாலா பக்கமிருந்தும் கரும்பருந்துகள் வந்து புகைக்குள் பாய்ந்து பாய்ந்து எழுந்தன. நான் புகையைப் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்து, ஒரே ஒரு தரம் அழுத்து, எனக்கு அது போதும் என்று இருந்தது.

அவன் கிளிக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இதுங்க நம்மூருதுங்கக்கா. எங்க பொகைஞ்சாலும் மொத ஆளா வந்து நிக்கிற கூட்டம். இதுங்க அடங்குற வரிக்கும் கீழ பாக்கவே மாட்டேன், மேல மட்டும் பாப்பேன்." சொன்னபடியே தலையை அண்ணாந்து, புகைக்கு வெகு உயரத்தில் போகிறவற்றை மட்டும் தேடினான். நானும் அவனுக்குத் தெரியாமல் தனியாக எண்ணினேன். அவன் எண்ணும் என் எண்ணும் ஒன்றாகவே வந்தன.

கூட வேலை செய்கிறவன் ஒழுங்காக வேலை செய்கிறான் என்று தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அந்த ஏமாற்றத்தை நினைத்து வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கெல்லாம் எண்ணுகிற நேரத்தில் இடமில்லை. கண்ணை வானத்தில் வையுங்கள்.

அன்று உச்சிவேளையில் ஒரு கழுகு எங்கள் தலைக்கு நேர் மேலே போனது. பெரிய கழுகு. ஒரு கால் மடங்காமல் கீழே தொங்கியது. "அய்யோ பாவம், எங்க மாட்டிச்சோ" என்றான் ராஜவேலு. நானும் பாவம் என்றேன். அத்தோடு மறந்துவிட்டேன்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பொன்னுரங்கம் போன் செய்தார். அன்றைய எண்ணைச் சொன்னார். நல்ல எண், அதிலும் பெரும்பகுதி பிற்பகலில் வந்தது. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னொன்னு. ஒரு கழுகு வந்திச்சு. ஒரு காலு தொங்கிக்கினே போவுது. பாக்கவே ஒரு மாரியா இருந்திச்சுக்கா."

பஸ் ஆடியதில் போன் நழுவியது என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். குனிந்து எடுத்து, "எப்ப வந்திச்சு?" என்று கேட்டேன்.

"காத்து திரும்புன பெறவுதான். கெழக்குக் காத்து."

நான் எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தேன் என்பதே மறந்துபோனது. உங்களுக்கு விளங்கியிருக்கும். கோட்டைக்கு மேலே உச்சிவேளையில் போன பறவை பிற்பகலில் என் பாறைக்கு மேலே போயிருக்கிறது. கிழக்கிலிருந்து காற்று எழும்பும் நாட்களில் சமவெளிப் பறவைகள் அதன் போக்கில் மேற்கே தள்ளப்பட்டு, மலையோரம் வந்து, அங்கிருந்து வடக்கே போகின்றன. அப்படியானால் நான் இத்தனை வருஷம் பெருமையோடு எண்ணிய பிற்பகல் பருந்துகள் ராஜவேலு ஏற்கெனவே எண்ணி முடித்தவை. அவன் எண்ணிக்கையில் தப்பில்லை, என்னுடையதிலும் தப்பில்லை, இரண்டையும் கூட்டியதுதான் தப்பு. கூட்டலை விட்டுவிட்டால் வேண்டாத இடம் என்னுடையது.

உடனே மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. கால் ஒடிந்த கழுகு உலகத்தில் ஒன்றுதானா? வேறொன்றாக இருக்கக்கூடாதா? ஒரு பறவையை வைத்து இத்தனை வருஷத்துக் கணக்கைப் புரட்ட முடியுமா? கேட்ட கேள்விகளில் தப்பே இல்லை. ராஜவேலு புகைப் பருந்தை எண்ணி மாட்டியிருந்தால் இத்தனை கேள்வி கேட்டிருப்பேனா என்று யோசித்தபோதுதான், கேட்பது யார் என்று எனக்கே புரிந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று. சந்தேகம் உங்களுக்கு எதிராகத் திரும்பினால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள், அவசரப்பட்டுத் தள்ளியும் விடாதீர்கள். இன்னொரு தரம் பாருங்கள். எப்படிப் பார்த்தால் உங்களாலேயே ஏமாற்ற முடியாதோ அப்படிப் பாருங்கள். பொன்னுரங்கத்தைத் திரும்பக் கூப்பிட்டு, நாளைக்கு எது வித்தியாசமாக வந்தாலும் அந்த நிமிஷமே எனக்குப் போன் செய்யச் சொன்னேன்.

"எத மாரிக்கா?"

"நான் சொல்ல மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

இதைத் தேடு என்று சொன்னால் தேடுகிற கண்ணுக்கு அது தெரிந்துவிடும். பொன்னுரங்கம் என்மேல் பிரியமுள்ளவர், எனக்கு வேண்டியது தெரிந்தால் அதையே பார்த்துவைப்பார். என் பயமும் தெரியக்கூடாது, என் ஆசையும் தெரியக்கூடாது. ராஜவேலுவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் கோட்டையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிவேளை நெருங்கும்போது கரும்பருந்துக் கூட்டம் ஒன்று தெற்கே சுழன்று எழுந்தது. "அக்கா, நடுவுல பாருங்க" என்றான் ராஜவேலு. பார்த்தேன். கூட்டத்தின் நடுவே ஒரு பருந்து வெள்ளையாக இருந்தது. செம்பருந்துக்குத் தலையும் நெஞ்சும் மட்டும் வெள்ளையாக இருக்குமே, அப்படியில்லை, இது உடம்பும் இறக்கையும் முழுக்க வெளுத்துப்போன கரும்பருந்து. வால் பிளவு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"ஆகா, இன்னா அழகுக்கா! என் சர்வீஸ்ல பாத்ததேயில்ல" என்று குதித்தான். அவன் கோட்டைக்குத்தான் அதுவும் வர வேண்டுமா என்று ஒரு கணம் எரிந்தது. அடுத்த கணமே, இது கோட்டையோடு நின்றுவிடட்டும் என்று வேறு மாதிரி எரிந்தது. கூட்டம் வடக்கே சரிந்தது. எண்ணினோம். வெள்ளையும் போனது.

நேரம் நகரவில்லை. ராஜவேலு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை ஊற்றினான். ருசியாகத்தான் இருந்திருக்கும். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் கோட்டைச் சுவரின் இடுக்கில் முளைத்திருந்த புல் மேற்குப் பக்கம் சாய ஆரம்பித்தது. கிழக்குக் காற்று வந்துவிட்டது. வராதே, எங்கள் மலைக்கு வராதே, நேராக வடக்கே போய்விடு என்று ஒரு பருந்தை மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பருந்து வர வேண்டும் என்று வேண்டித்தான் எனக்குப் பழக்கம்.

கோட்டையில் வானம் காலியானது. ராஜவேலு காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தான். "அவ்ளோதான்க்கா, இனிமே ஒங்க பக்கம்தான் விசேஷம்" என்றான். எதையும் தெரிந்து சொல்லவில்லை. தினமும் போனில் கேட்கிற எண்களை வைத்துச் சொன்னான். அப்போது என் போன் அடித்தது.

"அக்கா! ஒரு பருந்து, வெள்ளையா! சுண்ணாம்பு அடிச்சா மாரி! நம்ம கரும்பருந்துங்க நடுவுலயே போய்க்கினு இருக்குது! பாத்துக்கினே பேசுறேன்க்கா!"

பொன்னுரங்கத்தின் குரலில் அவ்வளவு சந்தோஷம். எங்கள் பாறைக்கும் ஒரு அதிசயம் வந்துவிட்டது என்ற சந்தோஷம். தன் வேலைக்கே அது முடிவு என்று அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

ராஜவேலு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னாவாம்க்கா? எதுனா பிரச்சினையா?"

அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இத்தனையும் எழுதினேன். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். பொன்னுரங்கத்திடம் சரி சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். வெள்ளைப் பருந்து பாறையில் தெரிந்தது என்பதை அன்றைய கணக்கில் எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. கோட்டையைச் சுற்றி வெட்டிய கரும்பும் எரிகிற சோகையும் இருக்கின்றன, சந்தேகம் முழுக்கத் தீரவில்லை என்று இயக்குநரிடம் மென்று விழுங்கினால் போதும், கோட்டை போய்விடும், பாறை நின்றுவிடும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாகத் தோன்றியது. நல்ல புத்தி ஒன்றுகூடத் தோன்றவில்லை. ஆனால் கை தானாக நீண்டு போனை அவனிடம் கொடுத்துவிட்டது.

"நீயே கேளு" என்றேன்.

கேட்டான். "எந்தப் பக்கம் போவுதுண்ணே? வாலு பொளந்திருக்குதா? கூட எத்தினி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்கக் குரல் இறங்கியது. கடைசியில் "சரிண்ணே" என்று போனை வைத்துவிட்டு மேற்கே மலையைப் பார்த்தான். நேற்றைய நொண்டிக் கழுகைப் பற்றியும் சொன்னேன்.

"அக்கா, இது ஒங்களுக்கு நல்லதில்லையே" என்றான்.

"தெரியுது."

"யாருக்கும் சொல்லாம…"

"வாய மூடு வேலு."

மூடிக்கொண்டான். அந்தக் கை ஏன் நீண்டது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நேர்மை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாழ்க்கை முழுக்க எண்ணியிருக்கிறேன். எண்ணிய பருந்து இன்னொருவருடையது என்று தெரிந்த பிறகு அதை என்னுடையது என்று சொல்ல வாய் வராது. அதுவும் ராஜவேலுவுடையதை. அவன் பருந்து எனக்கு எதற்கு?

பருவம் முடிந்து கள்ளக்குறிச்சியில் கூட்டம். இயக்குநரும் மையத்தில் இருந்த எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டை எண்ணிக்கை சுத்தமானது, புகைப் பருந்து ஒன்றுகூட அதில் இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன். அதைச் சொல்லும்போது நாக்கு கசந்தது. பிறகு நொண்டிக் கழுகையும் வெள்ளைப் பருந்தையும் சொன்னேன். பழைய வருஷங்களின் எண்களையும் எடுத்துப் பார்த்திருந்தேன். கிழக்குக் காற்று வீசிய நாட்களில்தான் என் பிற்பகல் பெருத்திருந்தது. இனி என் பிற்பகல் எண்களைக் கூட்டக்கூடாது, பழையவற்றிலும் அவற்றைக் கழித்துவிட வேண்டும், ஒரு இடம்தான் என்றால் அது கோட்டைதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருந்தது. பாறை போய்விட்டது, பொன்னுரங்கத்திடம் என்ன சொல்வேன் என்று நெஞ்சு கனத்தது, ஆனாலும் அந்தக் கனத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. எண்ணிக்கையில் என்றைக்கும் அவன்தான் மேல். இந்த ஒன்றில் நான் மேல். இதை அவன் எந்தக் கோட்டையில் உட்கார்ந்தாலும் பிடிக்க முடியாது.

அப்போது ராஜவேலு எழுந்தான்.

"சார், ஒண்ணு சொல்லிக்கிறேன். அக்கா பிற்பகலைத்தான் கழிக்கச் சொன்னாங்க. காலையில மலை ஓரமா போறதுங்க எங்கிட்ட வர்றதேயில்ல. அதுங்கள அக்காவத் தவுர யாரும் பாக்கவும் முடியாது. அந்த எடத்த மூடினா அதுங்க கணக்குலயே வராம போவும். அதனால என் பருவத்துல பாதி நாள அவங்களுக்குக் குடுத்துடுங்க. பாதிப் பருவம் கோட்டை, பாதிப் பருவம் பாறை. பாறையில காலைல மட்டும் எண்ணட்டும். பொன்னுரங்கம் அண்ணனும் இருக்கட்டும். மீதி நாளைக்கி நான் ஆபீஸ்ல ஒக்காந்துக்கிறேன்."

அவன் வாயைத் திறந்து அலுவலகத்தில் உட்காருகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நாற்காலியில் கால் மணி நேரம் தாங்க மாட்டான். இயக்குநர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, யோசித்து, சரி என்றார். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். எல்லோரும் அவனைப் பார்த்துத் தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருக்க முடியுமா?

வெளியே வந்து பொன்னுரங்கத்துக்குப் போன் செய்து, அடுத்த வருஷமும் வேலை இருக்கிறது, பாதிப் பருவம் என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார், சொன்னேன். "அந்தத் தம்பிக்கு எம்மாம் பெரிய மனசுக்கா" என்றார். ஆமாம் என்றேன்.

ராஜவேலு டீக்கடை வாசலில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு நின்றிருந்தான். போய் நன்றி சொன்னேன். "விடுங்கக்கா, நமக்குள்ள இன்னா" என்று தம்ளரைக் கையில் கொடுத்தான். அவன் செய்தது சரி. எடுத்துச் சொன்னதும் சரி. மலை ஓரத்துக் காலைப் பறவைகள் இன்றைக்கும் எண்ணப்படுகின்றன என்றால், உங்களில் யாரோ ஒருவர் இந்த மாசியிலும் அந்தப் பாறையில் நிற்கிறீர்கள் என்றால், அதற்கு அவன்தான் காரணம். எல்லாம் எனக்குத் தெரியும். நான் மேல் என்றிருந்த அந்த ஒன்றையாவது அவன் எனக்கு விட்டிருக்கலாம்.